புள்ளியும் விராமமும்: கணினித் தரப்பாட்டில் ஒரு பெயர் வழக்கின் வரலாறு

'வெண்பா' என்னும் சொல்லின் நீளம் எவ்வளவு? வெ, ண், பா என மூன்றெழுத்து என்பது இலக்கணம் கற்றோர் விடை. அதே சொல் ஒருங்குறி முறைப்படி கணினியின் நினைவகத்தில் பதியும்போது ஆறு குறிகளாக நிற்கிறது: வகரம், ஒற்றைக்கொம்பு, ணகரம், புள்ளி, பகரம், கால். இணையத்தில் இன்று பெருவழக்காக உள்ள முறையில் அதனை அனுப்பினால் குறியொன்றுக்கு மூன்றாகப் பதினெட்டுப் பைட்டுகள் ஆகும். மூன்று, ஆறு, பதினெட்டு என்னும் இவ்விடைகளுள் எதுவும் பிழையன்று. எதனை அலகாகக் கொண்டு எண்ணினோம் என்பதே வேறுபடுகிறது.

தமிழ்க் கணினி வரலாற்றில் 1990களின் இறுதி தொடங்கி 2010 வரை நிகழ்ந்த நெடிய வழக்கு ஒன்றுண்டு. ஒருங்குறியில் தமிழுக்கு உரிய இடம் கிடைத்ததா இல்லையா என்பது அவ்வழக்கு. அதனை எண்களின் சண்டை என்றும் அரசியல் என்றும் கருதுவோர் உளர். அவ்வழக்கின் பெரும்பகுதி 'எழுத்து' என்ற ஒரே சொல்லால் இரு சாராரும் இருவேறு பொருள்களைச் சுட்டியமையால் விளைந்தது என்பதே பொருந்தும். கலைச்சொல்லில் உடன்பாடு காணாமல் தரப்பாட்டில் உடன்பாடு காண முற்பட்டதன் வரலாறு அது. ('தரப்பாடு' என்ற இச்சொல்லுக்கே செந்தரம், தரநிலை, நியமம் எனப் போட்டிச் சொற்கள் உள்ளமை இங்கு எண்ணத்தக்கது.)

தொழில்நுட்பர் கண்ட சொற்சிக்கல்

இச்சிக்கல் தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் 'ஸ்ட்ரெச்' கணினியை வடிவமைத்த காலத்தில், 1956இல், வெர்னர் புக்ஹோல்ட்ஸ் என்பார் 'பைட்' என்னும் சொல்லைப் படைத்தார். 'பிட்' என்பதோடு மயங்காதிருக்க அதன் எழுத்துக்கூட்டலை வேண்டுமென்றே மாற்றினார். ஆயின் அந்நாளில் பைட் என்பதற்கு நிலையான அளவு இல்லை. ஒரு கணினியில் ஆறு பிட், இன்னொன்றில் எட்டு. 1964இல் அந்நிறுவனம் அறிவித்த 'சிஸ்டம்/360' வரிசைக்குப் பிறகே எட்டு என்னும் அளவு பரவியது. எனவேதான் கணினிகளைத் தம்முள் இணைக்கும் விதிகளை எழுதியோர் பைட் என்ற சொல்லை நம்பாமல், எட்டின் தொகுதி என்று ஐயத்துக்கு இடமின்றிப் பொருள்படும் 'ஆக்டெட்' என்னும் சொல்லைக் கையாண்டனர். 1981இல் வெளிவந்த இணைய நெறிமுறை ஆவணத்தில் அச்சொல்லே ஆளப்பட்டுள்ளது.

'கிலோபைட்' ஆயிரம் பைட்டா, 1024 பைட்டா என்ற மயக்கமும் நெடுங்காலம் நிலவியது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998 டிசம்பரில் 1024ஐக் குறிக்கக் 'கிபி' என்னும் புதிய முன்னொட்டை ஏற்றது. தரப்பாட்டில் இடம்பெற்ற அச்சொல் மக்கள் நாவில் இன்றும் ஏறவில்லை. ஏற்கப்படுவதும் வழங்கப்படுவதும் வேறு வேறு.

தமிழருக்குச் சுவை தரும் செய்தி இன்னொன்று. இணையத் தரப்பாடுகளில் வரும் வினைமுற்றுகளின் வலிமையை வரையறுக்க மட்டுமே 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் ஒரு சிற்றாவணம் எழுதினார். கட்டாயமாகச் செய்ய வேண்டியது, தக்க காரணமிருந்தால் மட்டும் விலகத்தக்கது, விருப்பத்திற்கு விடப்பட்டது என அவை தரம் பிரிக்கப்பட்டன. இவற்றுள் முதலிரண்டையும் நாம் தமிழில் 'வேண்டும்' என்றே எழுதிவிடுகிறோம். வியங்கோளுக்கும் ஏவலுக்கும் வேறுபாடு கண்ட மொழியில் இக்குறை நேர்ந்திருப்பது வியப்பே.

எழுத்தைப் பற்றிய சொற்களிலும் அவர்கள் இடர்ப்பட்டனர். எழுத்து வேறு, அதன் தோற்றம் வேறு என்பதை விளக்க 1998இல் பன்னாட்டுத் தரப்பாட்டு அமைப்பு ஒரு தனி அறிக்கையே வெளியிட்டது. தமிழ்ச் சான்று கொண்டு அதனை எளிதில் விளக்கலாம். 1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வளைகொம்பு வடிவங்களை நீக்கியது. வடிவம் மாறியது, எழுத்து மாறவில்லை. பழைய நூலின் னகர ஐகாரமும் புதிய நூலின் னகர ஐகாரமும் ஓரெழுத்தே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இக்கட்டுரையில் இலக்கணம் கூறுவது 'எழுத்து' எனவும், கணினி எண் கொடுத்துச் சேமிப்பது 'குறி' எனவும், கண்ணுக்குத் தோன்றுவது 'வரிவடிவம்' எனவும் வழங்கப்படும்.

ஒரு புள்ளிக்கு மூன்று பெயர்

இந்திய அரசின் மின்னணுவியல் துறை 1988இல் 'இஸ்கி' எனப்படும் குறிமுறையை வகுத்தது. 1991இல் அது இந்தியத் தரப்பாடாயிற்று. பிராமி வழிவந்த எழுத்துமுறைகள் யாவற்றுக்கும் ஒரே சட்டகம் என்பது அதன் அடிப்படை. ககரத்துக்கு நாகரியில் எந்த எண்ணோ அதே எண் தமிழிலும் வங்காளத்திலும் மலையாளத்திலும் அமையும். ஒரே விசைப்பலகையில் அனைத்தையும் அடிக்கலாம். ஒரு மொழியில் எழுதியதை மற்றொன்றின் எழுத்தில் உடனே காணலாம். அன்றைய நிலையில் இது பயன் மிக்க திட்டமே. 1991 அக்டோபரில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, 1988ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பைப் பின்பற்றியே இந்திய மொழிகளுக்கு இடம் ஒதுக்கியது. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட கட்டம் கிடைத்தது. வல்லின வருக்கங்களுக்கு உரிய இடங்கள் அக்கட்டத்தில் வெற்றிடமாக நின்றன.

சட்டகம் பொதுவானபோது பெயர்களும் பொதுவாயின. மெய்யின் மேலுள்ள புள்ளியை இஸ்கி 'ஹலந்த்' என்றது. ஒருங்குறி 'விராமம்' என்றது. தமிழ் 'புள்ளி' என்கிறது. இம்மூன்றும் ஒரு பொருட் பன்மொழி போலத் தோன்றினும் அவ்வாறல்ல. ஹல் என்பது பாணினி மரபில் மெய்யெழுத்துகளின் தொகுப்புப் பெயர். ஹலந்தம் என்றால் மெய்யீற்றது. அப்பெயர் நிலையைச் சுட்டுகிறது. விராமம் என்றால் நிறுத்தம். அது செயலைச் சுட்டுகிறது. புள்ளி என்பது வடிவத்தைச் சுட்டுகிறது. வடிவத்தைச் சுட்டும் பெயர் பல செயல்களுக்கு இடந்தரும்; செயலைச் சுட்டும் பெயரோ அச்செயலுக்குள் அடங்கிவிடும்.

தொல்காப்பியத்தில் புள்ளிக்கு ஒரே வேலைதான் உண்டா? மெய் புள்ளி பெறும் என்று கூறும் அந்நூல், எகர ஒகரங்களும் புள்ளி பெறும் என்கிறது. அங்கே புள்ளி உயிரை நீக்கவில்லை, குறிலென்று அறிவிக்கிறது. மகரக் குறுக்கத்துக்கு உட்புள்ளி கூறப்படுகிறது. ஆய்தமும் புள்ளி வடிவினதாகவே சுட்டப்படுகிறது. பிற்காலத்தே வீரமாமுனிவர் நெடில் ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் அமைத்த பின்னரே எகர ஒகரப் புள்ளிக்கு வேலை இல்லாது போயிற்று. ஆக, விராமம் என்பது புள்ளியின் ஒரு தொழிலுக்கு மட்டும் பெயர்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நாகரியில் விராமத்தின் முதன்மைத் தொழில் இரு மெய்களை இணைத்துக் கூட்டெழுத்து ஆக்குவது. பல இடங்களில் அக்குறி கண்ணுக்கே தோன்றாது. தமிழில் புள்ளி தோன்றுவதே இயல்பு. க்ஷ, ஸ்ரீ போன்ற வடவெழுத்துச் சேர்க்கைகளே விலக்கு. பெயரும் இலக்கமும் ஒன்றாயினும் நடத்தை வேறு என்பதை ஒருங்குறியின் விளக்க நூல் தமிழ்ப் பகுதியில் தனியே கூற வேண்டியதாயிற்று. அவ்விளக்கத்தில் புள்ளி என்ற சொல் இடம்பெறுகிறது. பெயர்ப் பட்டியலில் விராமமே நிற்கிறது.

ஆய்தத்துக்கு நேர்ந்தது

ஆய்தத்தின் நிலை இதனினும் கவலைக்குரியது. பொதுச் சட்டகத்தில் விசர்க்கத்துக்கு உரிய இடத்தில் ஆய்தம் அமர்த்தப்பட்டது. ஒருங்குறியில் அதன் பெயரும் 'தமிழ் விசர்க்கக் குறி' என்றே அமைந்தது. விசர்க்கம் உயிரின் பின் மூச்சொலியாக நின்று பெரும்பாலும் சொல்லிறுதியில் வருவது. ஆய்தமோ குற்றெழுத்தின் பின்னும் வல்லின உயிர்மெய்க்கு முன்னும் சொல்லின் நடுவே வருவது. அஃது, எஃகு என்பன சான்று. தொல்காப்பியர் அதனைச் சார்பெழுத்துகளுள் வைத்தார். பிற எழுத்தைச் சார்ந்து ஒலிப்பினும் அது எழுத்தே. மற்றோர் எழுத்தின் மேல் ஒட்டும் குறியன்று.

ஒருங்குறியில் ஒவ்வொரு குறிக்கும் பெயர் ஒன்று, பண்பு வேறொன்று. நாகரி முதலியவற்றின் விசர்க்கங்கள் முன்னெழுத்தோடு சேரும் துணைக்குறிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. தமிழ் ஆய்தமோ இன்று அவ்வட்டவணையில் தனியெழுத்தாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. பெயர்ப் பட்டியலில் 'ஆய்தம்' என்ற மாற்றுப்பெயரும் அடிக்குறிப்பாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அதனை அடுத்துள்ள தமிழ் அனுஸ்வாரத்துக்கோ, தமிழில் வழக்கில் இல்லை என்ற குறிப்பே எழுதப்பட்டிருக்கிறது. வழக்கில் இல்லாத ஒன்றுக்கு இடமும், வழக்கில் உள்ள ஒன்றுக்கு அயற்பெயரும் பொதுச் சட்டகத்தின் விளைவுகள்.

பெயர்களை ஆங்கிலப் பேரெழுத்துகளிலேயே எழுத வேண்டும் என்ற விதியால் ழகரமும் தப்பவில்லை. 'எல்' என்னும் ஆங்கில எழுத்தை மும்முறை அடுக்கி அதற்குப் பெயரிட்டனர். லகரத்துக்கு ஒன்று, ளகரத்துக்கு இரண்டு, ழகரத்துக்கு மூன்று. கன்னடத்தின் பழைய ழகரத்துக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. அதன் பெயர் 'கன்னட ஃப' என்று பதிவாகிவிட்டது. பிழையென அறிந்து திருத்தப் பெயரொன்று பின்னர் அளிக்கப்பட்டாலும் முதற்பெயர் நீங்கவில்லை, நீங்கவும் நீங்காது.

அடைபட்ட கதவு

ஏன் நீங்காது? 1996 ஜூலையில் வெளிவந்த ஒருங்குறியின் இரண்டாம் பதிப்பு தொடங்கி, ஒரு குறிக்குச் சூட்டிய பெயர் எக்காரணம் பற்றியும் மாற்றப்படாது என்பது விதி. நிரல்களும் பிற தரப்பாடுகளும் அப்பெயர்களைச் சுட்டிப் பயன்படுத்துவதால் இந்த உறுதி தேவைப்பட்டது. விதியில் குறைகாண இயலாது. நிலையாமைதான் தரப்பாட்டின் முதற்பகை.

காலத்தை நோக்கினால் வருத்தமே மிஞ்சும். 1991க்கும் 1996க்கும் இடையே பெயர்கள் மாற்றத்துக்கு உரியனவாக இருந்தன. பன்னாட்டுத் தரப்பாட்டோடு ஒருங்குறி இணைக்கப்பட்டபோது பல பெயர்கள் மாறவும் செய்தன. உலகின் பல நாடுகளிலிருந்தும் தமிழ்க் கணினி ஆர்வலர் ஒன்றுகூடிய 'தமிழ்நெட் 97' மாநாடு சிங்கப்பூரில் நடந்தது 1997 மே மாதத்தில். அதனை முன்னின்று நடத்திய நா. கோவிந்தசாமி சிறுகதை ஆசிரியராகவும் விளங்கியவர். எழுத்தாளர் ஒருவர் எழுத்துக் குறிமுறைக்காக உழைத்தது நினைவுகூரத்தக்கது. ஆயின் பெயர்க்கதவு அடைபட்டுப் பத்துத் திங்கள் ஆகியிருந்தது.

அன்று தமிழரின் கவலையும் வேறாகவே இருந்தது. ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை மற்றொருவர் அதே எழுத்துரு இல்லாமல் படிக்க இயலாத நிலை. விசைப்பலகைகளும் பல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டின் வழியாகத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டு ஜூனில் ஒரு பொது விசைப்பலகையையும் 'டாம்', 'டாப்' என்னும் எழுத்துருக் குறிமுறைகளையும் ஏற்றது. உலகத் தமிழர் சிலர் கூடி வகுத்த 'திஸ்கி' மறுபுறம் வழங்கியது. 2000இல் சிங்கப்பூரில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. டாம், டாப், திஸ்கி மூன்றும் வரிவடிவத்துக்கு எண் கொடுத்தவை. 'கொ' என்பதை அவை கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமித்தன. ஒருங்குறியோ ககரம், அதன்பின் ஒகரக் குறி எனச் சேமித்தது. இரண்டையும் 'எழுத்துக் குறியீடு' என்ற ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டிருந்தோம்.

கலைச்சொற்களின் நிலையும் உதவவில்லை. கணினி, கணிப்பொறி என முதற்சொல்லிலேயே இரு வழக்கு. ஒருங்குறிக்கு ஒருங்குகுறி, யூனிகோடு, சீர்மைக் குறியீடு எனப் பல பெயர். குறியேற்றம், குறிமுறை, குறியாக்கம் என்பன ஒன்றா வேறா என்பது எழுதியவர்க்கே வெளிச்சம். இவ்வளவும் இருக்கலாம், மொழியில் வளம் என்று அமைதி கொள்ளலாம். கணினி என்றாலும் கணிப்பொறி என்றாலும் பொருள் மயங்குவதில்லை. எழுத்து என்ற சொல்லில்தான் பொருளே மயங்கியது.

எழுத்தா, குறியா?

தமிழில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகள். ஒருங்குறியில் உயிரும் ஆய்தமும் அகரமேறிய பதினெட்டு மெய்களும் மட்டுமே தனிக்குறி பெற்றன. பிற உயிர்மெய்களும் புள்ளி பெற்ற மெய்களும் இரு குறிகளின் சேர்க்கை. எனவே 247இல் 31 எழுத்துகளுக்கே இடம் தந்தனர் என்ற முறையீடு எழுந்தது. மெய்யெழுத்து என்பது இலக்கணத்தில் முதலெழுத்து. க் என்பதோடு அகரம் சேர்ந்து க ஆகும். கணினியிலோ க என்பது முதல். அதனோடு புள்ளி சேர்ந்து க் ஆகிறது. இது தலைகீழ்ப் பாடம் என்று புலவர்கள் கருதியதில் வியப்பில்லை.

இம்முறையீட்டின் பயனாக உருவானதே ஒவ்வோர் எழுத்துக்கும் தனியெண் தரும் 'டேஸ்-16' முறை. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு இதனையும் தரப்பாடாக ஏற்றது. உயிரும் மெய்யும் நிரலும் நிரையுமாக அமைந்த அதன் அட்டவணை அழகியது. ஆராய்ச்சிப் பணிகளுக்கு எளிமையும் தருவது. ஆனால் ஒருங்குறியில் யாரும் தம் விருப்பப்படி பயன்படுத்த விடப்பட்ட தனிப்பயன் பகுதியில்தான் அதற்கு இடம் கிடைத்தது. ஒரே எழுத்தை இருவகையில் பதிவு செய்ய இடமளித்தால் தேடலும் ஒப்பீடும் சிதையும் என்பது ஒருங்குறியாளர் நிலைப்பாடு. கைப்பேசியிலும் இணையத்திலும் பரவியது ஒருங்குறியே.

இருதரப்பு வாதங்களையும் இன்று ஒருசேர நோக்கினால் ஒன்று புலனாகும். ஒரு சாரார் ஒலிவடிவாகிய எழுத்தைப் பேசினர். மறுசாரார் வரிவடிவத்தைப் பகுத்துப் பெற்ற குறியைப் பேசினர். நன்னூல் மரபு ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டையும் பிரித்துப் பேசிய மரபேயாகும். ஒலியில் க் முந்தியது. எழுதும்போதோ நாம் ககரத்தை வரைந்த பின்னரே புள்ளி இடுகிறோம். ஏட்டுச்சுவடி எழுதியோர் அப்புள்ளியையும் பெரும்பாலும் இட்டதில்லை.

கல்வெட்டு வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். தமிழ்-பிராமி எழுத்துமுறையை ஐராவதம் மகாதேவன் மூவகையாக வகுத்தார். முதல் வகையில் துணைக்குறி பெறாத வரிவடிவம் மெய்யைக் குறிக்கும். அகரம் ஏற வேண்டுமாயின் கோடு ஒன்று சேரும், ஆகாரத்துக்கும் அதே கோடு. இரண்டாம் வகையில் துணைக்குறி பெறாத வடிவம் மெய்யாகவும் அகர உயிர்மெய்யாகவும் இடம் நோக்கிப் படிக்கப்படும். மூன்றாம் வகையில் புள்ளி தோன்றி மயக்கம் தீர்க்கிறது. முதல் வகை, க் என்பதை அடியாகக் கொண்ட புலவர் பாடம். மூன்றாம் வகை, க என்பதை அடியாகக் கொண்ட கணினிப் பாடம். இரண்டும் தமிழ் மண்ணில் பாறைமேல் வெட்டப்பட்டவை. 2000 ஆண்டுக்கு முன்னரே தமிழர் இருவழியும் சென்று பார்த்துவிட்டனர் என்ற செய்தி, வழக்கு நடந்த நாளில் இரு தரப்பும் மேற்கொள்ளத் தக்க பொதுநிலமாக அமைந்திருக்கும்.

யாப்பு நூலார் இவ்வகைச் சிக்கலைத் தீர்த்த முறை அறியத்தக்கது. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறெழுத்து, நிரையசையில் தொடங்குவதற்குப் பதினேழு. ஆனால் ஒற்று நீக்கி எண்ண வேண்டும். அக்கணக்கில் 'வெண்பா' இரண்டெழுத்தே. 247 எழுத்து என்று கற்பிக்கும் அதே மரபு, இங்கே மெய்யை எண்ணாதே என்றும் கூறுகிறது. எவரும் மெய்யெழுத்து அவமதிக்கப்பட்டதாகக் குறை கூறியதில்லை. எண்ணும் அலகு இன்னதென முதலிலேயே சொல்லப்பட்டுவிட்டது. கணினியில் அது சொல்லப்படவில்லை. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70 'எழுத்து' என்று அறிவித்தபோது, அந்த எழுபதும் குறிகளே. வெண்பா என்ற ஒரு சொல் அவற்றுள் ஆறைத் தின்றுவிடும் என்பது கவிதை அனுப்ப முயன்றவர்க்கே தெரிந்தது.

பின் வந்தவை

2008இல் வெளிவந்த ஒருங்குறி 5.1 பதிப்பு இவ்வழக்கில் ஒரு நடுவழி கண்டது. தமிழ் மெய்களுக்கும் உயிர்மெய்களுக்கும் புதிய எண் தராமல், அவற்றை ஆக்கும் குறித்தொடர்களுக்குப் பெயர் மட்டும் சூட்டியது. க் என்பது 'தமிழ் மெய்' என்ற அடைமொழியோடும், கா என்பது 'தமிழ் அசை' என்ற அடைமொழியோடும் பெயர் பெற்றன. அசை என்ற அச்சொல் யாப்பின் அசையன்று. மொழியியலார் கூறும் ஒலியசை. மீண்டும் ஒரு பெயர் மயக்கமே என்றாலும், தமிழ் எழுத்துக் கோட்பாட்டைத் தரப்பாடு முதன்முறையாகத் தன் பட்டியலில் ஏற்ற நிகழ்ச்சி அது. டேஸ்-16 ஆணைக்கு இரண்டாண்டு முன்னரே வந்தும், எண் கிடைக்காத பெயரால் பயனென்ன என்று பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

2021 செப்டம்பரில் வெளிவந்த ஒருங்குறி 14ஆம் பதிப்பில், தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளுக்கு உரிய சில குறிகள் பிராமிக் கட்டத்தில் சேர்க்கப்பட்டன. எகர ஒகரக் குறில்கள் தனிக்குறிகளாயின. தொல்காப்பியம் அவற்றுக்குக் கூறிய புள்ளி அக்குறிகளின் வடிவத்துக்குள்ளேயே அடங்கியது. மெய்மேல் நிற்கும் புள்ளிக்கும் தனியிடம் கிடைத்தது. அதற்குச் சூட்டிய பெயர் 'பிராமிப் பழந்தமிழ் விராமக் குறி' என்பதாகும்.